வியாழக்கிழமைக்காரி

மூன்றாவதாக வந்தவள் நானுலி.
ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை என்றதும்
முதலாமவள் கீழிருந்தே போன் செய்துவிட்டுப் போய்விட்டாள்.
இரண்டாமவளை அப்பா
ஒரு வார்த்தை பேசாமலே துரத்தினார்.
அதற்கென்று ஒரு மௌனம் வைத்திருக்கிறார்,
துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம்
கிரேன் கூண்டில் தனியே உட்கார்ந்து பழக்கியது.

திரியெஸ்தேயில் அன்று போரா கிளம்பியிருந்தது.
மலையிலிருந்து இறங்கி
ஊரைக் கடலுக்குள் தள்ளப் பார்க்கும் காற்று.
நானுலி வாசலில் நின்று
முகத்தை மூடிய தலைமுடியை ஒதுக்கித்
தன் முகத்தைக் கண்டுபிடித்தாள்,
பிறகுதான் வணக்கம் சொன்னாள்.

நான் மருந்துக்கடைக்காரி.
யாரோ விட்டுப்போன மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில்
கேள்விகளை எழுதி வைத்திருந்தேன்.
சமையல் தெரியுமா.
ரத்த அழுத்தம் பார்ப்பாயா.
இரவில் கூப்பிட்டால் எழுந்திருப்பாயா.
வாரம் ஐம்பத்துநான்கு மணி நேரம்,
வியாழன் மதியத்துக்குமேல் விடுமுறை, ஞாயிறு முழுக்க,
வருடக் கடைசியில் பதின்மூன்றாவது சம்பளம்.
சட்டப்படி என்று இரண்டு முறை சொன்னேன்.
சொல்லும்போதெல்லாம் என் குரல்
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நானும் இதையெல்லாம் கேட்டிருக்கிறேன்,
குத்தாயிசியில் என் அம்மாவுக்கு ஆள் வைத்தபோது.
இங்கே வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு
அங்கே அவளுக்குப் போகிறது.
நீங்கள் ஒரு கேள்வியை விட்டுவிட்டீர்கள்."

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
மறுபக்கம் யாருடைய இருமலுக்கோ மருந்து.

"கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று."

கேட்டேன்.

"பால்கனிக்குப் போவேன். எதிர்வீட்டுக் கொடியில்
காயும் துணிகளை எண்ணுவேன்.
பன்னிரண்டுக்குள் சரியாகிவிடும்."

அப்பா ஜன்னலிடம் சொன்னார்:
"போரா அடிக்கும்போது எவனும் துணி காயப்போடமாட்டான்."
ஒன்பது நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

"அப்படியானால் கிளிப்புகளை எண்ணுவேன்."

திரும்பினார்.
கனமான எதையோ தூக்கிக்கொண்டு திரும்புகிறவர்போல,
முதலில் கழுத்து, வெகுநேரம் கழித்துத் தோள்.
"திங்கட்கிழமை வரச்சொல்,"
என்னிடம்தான் சொன்னார், அவளிடம் இல்லை.

பேனா எழுதவில்லை.
மூன்று பேரும் மாறி மாறி உதறிக்
கையெழுத்துப் போட்டோம்.

படியிறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது.
எனக்கு அது பிடிக்கவில்லை.
நாலாம் மாடியில் நின்று அந்த லேசைத் திட்டினேன்.
இரண்டாம் மாடி வருவதற்குள்
அதோடு சமாதானமாகிவிட்டேன்.

முதல் வியாழன்.
ஃப்ரிட்ஜ் கதவில் நானுலியின் எழுத்து,
பாதி எழுத்து தலைகீழாக:
சூப்பில் உப்பு போட்டாச்சு. இல்லை என்பார். நம்பாதே.
சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். விட்டுவிடு,
ஆனால் உடனே விடாதே.
செருப்பு இடது கால் முதலில்.

இடது கால் முதலில்.
எனக்கு ஐம்பத்தாறு வயது.

"வியாழக்கிழமைக்காரி வந்தாச்சா?
உனக்கு மணிக்கு எவ்வளவு?"
வேடிக்கைதான். கண்ணெல்லாம் சிரிப்பு.
என் கையில் வலது செருப்பு இருந்தது.

அந்நேரம் நானுலி ரயில் நிலையத்தின் பின்னால்
தன் ஊர்ப் பெண்களோடு நின்று
மினிபஸ்ஸில் அம்மாவுக்குப் பொட்டலம் ஏற்றிக்கொண்டிருப்பாள்.
அதில் என் கடையில் வாங்கிய
ரத்த அழுத்தக் கருவி ஒன்று.
தள்ளுபடி உண்டா என்றாள், பத்து சதவீதம் கொடுத்தேன்.
இருபது கொடுத்திருக்கலாம்.

உப்பு இல்லை என்றார்.
இருக்கிறது என்றேன்.
ஒரே ராஜாவை இரண்டு முறை இறக்கினார்.
நான் உடனே விடவில்லை.
அதன்பிறகும் விடவில்லை.
அம்மாவின் சாவுக்கு யார் தாமதமாக வந்தது என்பதுவரை
எப்படியோ போய்விட்டோம்.

பால்கனி. காற்று.
எதிர்வீட்டுக் கொடியில் ஒரு துணியும் இல்லை.
நீலம், நீலம், மஞ்சள், மரத்தில் ஒன்று,
உடைந்து ஒற்றைக் காலில் தொங்குவது ஒன்று.
அதைச் சேர்ப்பதா என்று நானுலி சொல்லவில்லை.
சேர்த்துக்கொண்டேன்.

பதினேழுவரை போகவேண்டியிருந்தது.

உள்ளே, நடுங்கும் கையால்
அவர் மறுபடி சீட்டைக் கலைத்துப்போடும் சத்தம்.