அடையாளச் சீட்டு எண் 271408

மொரிஷியஸ் ஆவணக் காப்பகம் இருக்கும் இடத்துக்குக்
கொரமாண்டல் என்று பெயர்.
சோழமண்டலம்தான்,
கடல் தாண்டுகையில் நனைந்து
இப்படி ஊறிப்போய்விட்டது.
தொழிற்பேட்டைக்குள் மங்கலான கட்டடம்.
முகக்கவசம் கட்டாயம்.
பழைய தாளுக்கு என் மூச்சு ஆகாதாம்,
எனக்கு அதன் தூசு ஆகாதாம்.

கோப்பு கேட்டால் ழோஸ்லின் 'அத்தான்' என்கிறாள்.
கிரியோலில் அதற்குக் 'காத்திரு' என்று பொருள்.
ஏழு மாதமாய் இப்படித்தான்
உறவு கொண்டாடுகிறோம்.

முதலில் வந்தது பம்ப்ளிமூஸ் நீதிமன்றப் பதிவேடு,
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு, மார்ச்.
அய்யாக்கண்ணு. ஒப்பந்தம் முடிந்தவன்.
எழுத்தர் காதில் அவன் 'அயாகனூ'.
(அந்தப் பெயரில் இன்று குவாத்ர் போர்னில்
ஒரு டயர்க் கடை இருக்கிறது.)
சீட்டு வைத்திருந்தான், சட்டப்படி.
சீட்டில் ஒட்டிய படத்துக்கு மீசை இருந்தது.
பிடிபட்ட முகத்துக்கு இல்லை,
காதோரம் அரிதாரம் வேறு.
'படமும் ஆளும் ஒன்றல்ல.'

சட்டத்துறையில் காட்டினேன்,
இது மருத்துவ வரலாறு என்றார்கள்.
மருத்துவப் பள்ளியில், கூத்துதானே, கலைத்துறைக்குப் போ என்றார்கள்.
கலைத்துறைப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி
'பிரதி எங்கே?' என்றார்.
பிரதி இல்லை ஐயா,
தூக்கம் கெட்ட ஒரு ஆலை மேலாளர்
எழுதிய புகார்தான் இருக்கிறது:

'சனி இரவு முழுதும் மத்தளம்.
அரசியைச் சபைக்கு இழுத்து வரும் கட்டத்தில்
அந்த வேஷக்காரன் நடுங்கிய நடுக்கத்தில்
பெண்கள் ஓலமிட்டார்கள்.
என் குதிரைகள் மிரண்டன.'

அது ஞாயிறு விடியல்.
விசாரணை செவ்வாய்க் காலை.
விரல் விட்டு எண்ணினேன்,
ழோஸ்லின் பார்க்காதபோது இன்னொருமுறை எண்ணினேன்.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குளிர்காய்ச்சலுக்கு
வேறு கடிகாரம் வேண்டாம்.

நீதிபதிக்கு அது தெரியாது.
'கூண்டில் நடுங்குவதுபோல் பாசாங்கு செய்தான்.
தொழில் அப்படி' என்று எழுதினார்.
பதினான்கு நாள், கிராண்ட் ரிவியேர் முகாம்.
முகாம் மருத்துவப் பதிவேட்டில் அதே எண்.
மண்ணீரல் வீக்கம்.
கொய்னா: இருப்பில் இல்லை.
பதினோராம் நாளுக்குப் பிறகு எண் வரவில்லை,
விடுதலைப் பட்டியலிலும்,
புதைத்தவர் பட்டியலிலும்.

ஆலமரத்தடியில் அழுத பெண்கள்
நல்ல நடிப்பு என்று நம்பினார்கள்.
நீதிபதி கெட்ட நடிப்பு என்று நம்பினார்.
அந்த நடுக்கத்தை யாருமே
நடுக்கமாகப் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு வரி இருக்கிறது,
பக்கத்தின் ஓரத்தில், சாய்ந்த எழுத்தில்:
'தீர்ப்புக்கு முன் பிரதிவாதி ஒரு கேள்வி கேட்டான்.
வழக்குக்குத் தொடர்பில்லை.
மொழிபெயர்க்கப்படவில்லை.'

எனக்கு ஆசைதான்.
பெரியவர்கள் நிறைந்த சபையில்
ஒருவரும் பதில் சொல்லாத அந்தச் சட்டக் கேள்வியை,
ஞாயிறு விடியலில் கேட்ட அதே வாயால்
செவ்வாயும் கேட்டான் என்று எழுதிவிட.
கட்டுரை எங்கேயும் அச்சேறும்.
ஆனால் தண்ணீர் கேட்டிருக்கலாம்.
மீசை வளர எத்தனை நாள் தருவீர்கள் என்று கேட்டிருக்கலாம்.
ஓலை போல ஆடும் பற்களோடு
'யாராவது போர்வை வைத்திருக்கிறீர்களா?'

அடிக்குறிப்பு எண் போட்டு,
எண்ணுக்குக் கீழே வெற்றிடம் விட்டேன்.

நான்கு மணிக்கு மணி அடித்தார்கள்.
நல்கை விண்ணப்பத்தில் 'துறை' என்ற கட்டம்
இன்னும் காலியாகவே பையில் கிடக்கிறது.
வாசலில் காவலர் என் அடையாள அட்டையை வாங்கினார்.
முகக்கவசத்தை இறக்கச் சொன்னார்.
போன மழைக்காலத்து டெங்குவில்
முடி கொட்டி, கன்னம் ஒட்டிப்போனவள் நான்.
அட்டையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடி அட்டையை.

'அத்தான்' என்றார்.