புகார்ப் பெட்டி

முதல் பெட்டியை ஒட்டுப்பலகையில் செய்தேன்,
சமையலறை அலமாரி போட்டதில் மிஞ்சியது.
உள்ளே கைவிட்டால் வழுவழுவென்றிருக்கும்.
வெளியே தேக்கு நிறத்தில் வார்னிஷ்.
கொசுத்தேனீ என்ன,
நானே குடிபோகலாம் போலிருந்தது.

பிப்ரவரி முழுக்க யாரும் வரவில்லை.
மார்ச்சில் ஒரு பல்லி வந்தது.
இந்த பெங்களூரில்
பத்து மாத அட்வான்ஸ் தராமல் வீடு பிடித்தது
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள்.
நாகவாராவில் மெட்ரோவுக்காக
ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிய மறுநாள்
என் ஆபீஸ் பஸ் அங்கே சிக்னலில் நின்றது.
கட்டைகூட இல்லை. லாரியில் போய்விட்டது.
ஆளுயரத்தில், வெறும் காற்றில்,
பொந்து இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி
நூறு பூச்சிகள்
வீட்டுக் கதவைத் தேடிக்கொண்டிருந்தன.
சிக்னல் விழுந்தது.
இதைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

இரண்டாவது பெட்டிக்கு
சிவாஜி நகர் தஸ்தகீர் கடைக்குப் போனேன்,
இடித்த வீடுகளின் கதவு விற்கிற கடை.
"பலாமரம் வேணும்."
"எத்தனை அடி?"
"ஒன்றரைச் சாண்."
"எதுக்கு?"
"தேனீக்கு."
டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார்.
கொஞ்சநேரம் கழித்துத் திரும்ப எடுத்தார்.
"வாசல் எவ்ளோ பெருசு?"
"சுண்டுவிரல் நுழையணும்."
"யாரோட சுண்டுவிரல்?"
என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்,
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
அந்த அளவுக்குத் துளை போட்டார்.
முந்நூறு கேட்டார். இருநூற்றைம்பது கொடுத்தேன்.

மெழுகும் குங்கிலியமும் உருக்கி உள்ளே பூசினேன்.
பால் காய்ச்சும் பாத்திரம் ஒன்று அத்தோடு போயிற்று.
பால்கனியில், காலை வெயில் மட்டும் படும் மூலையில்
கட்டித் தொங்கவிட்டுக் காத்திருந்தேன்.
வாசனைக்கு எறும்பு வந்தது.
வாசனை பிடிக்காமல் எதிர்வீட்டுக்காரர் வந்தார்.

மே மாதம் ஒருநாள்
செக்யூரிட்டி பிஜோய் இன்டர்காமில் கூப்பிட்டான்:
"மேடம், கீழே பெட்டிக்கு மூக்கு முளைச்சிருக்கு."

லிஃப்ட் பக்கத்துப் புகார்ப் பெட்டி.
சாவி தொலைந்து நாலு வருஷம்.
வாட்ஸ்அப் வந்தபின் அதை யாரும் தொடுவதில்லை.
காகிதம் போடுகிற நீள வாயைக்
கரும்பிசினால் பூசி அடைத்திருந்தது.
நடுவில் மட்டும்
கட்டைவிரல் நீளத்தில் ஒரு மெழுகுக் குழல்.
குழலின் விளிம்பில்
ஏழெட்டுக் காவலாளிகள் தலை நீட்டி,
பிஜோயைவிட விழிப்பாக.

அசோசியேஷன் கூடியது.
கொட்டுமா என்றார்கள். கொடுக்கே கிடையாது என்றேன்.
குழந்தைகள் இருக்கே என்றார்கள்.
குழந்தைகள் ஏற்கெனவே அங்கேதான் நின்றன.
மருந்தடிக்கச் சொன்னது மூன்றாம் மாடி.
விதிமுறை பதினொன்றை நான் வாசித்துக் காட்டினேன்:
எந்தப் புகாரும் எழுத்தில் இருக்க வேண்டும்,
அதைப் புகார்ப் பெட்டியில் போட வேண்டும்.
தலைவர் வேங்கடரமணய்யா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.
விஷயம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு கடிதம் கிடக்கும்.
மொட்டைமாடியைப் பூட்டாதீர்கள் என்று
குடிவந்த புதிதில் நான் எழுதிப் போட்டது.
பதில் வரவில்லை. மாடியும் திறக்கவில்லை.
இந்நேரம் அதன்மேல்
மிளகளவு தேன்குடங்களை அடுக்கியிருப்பார்கள்.
என் கையெழுத்து ஒருவேளை ஒழுகாமல் இருக்கலாம்.

தஸ்தகீரை மறுபடி பார்த்தேன்.
"வந்தாங்களா?"
"வந்தாங்க. வேற வீட்டுக்கு."
மீதி ஐம்பதைக் கேட்கவில்லை. நானும் தரவில்லை.

நேற்று மாலை
பென்சில் துளையில் ஒன்று வந்து உட்கார்ந்தது.
உள்ளே போனது.
நாற்பதுவரை எண்ணினேன். வெளியே வந்தது.
விளிம்பை ஒருமுறை நடந்து அளந்துவிட்டு
லிஃப்ட் பக்கமாகவா, சாலைப் பக்கமாகவா,
எந்தப் பக்கம் போனது என்று பார்ப்பதற்குள்
இருட்டிவிட்டது.

பால்கனி விளக்கைப் போடவில்லை.