மூன்றாம் எண் பம்ப்

கிளேஸ் பேயில், பெட்ரோல் நிலையத்தின் சுவரில்
சிகரெட் அலமாரிக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் நடுவே
அட்லாண்டிக்கை ஒட்டியிருந்தான் வெண்டல்.
முதல் புள்ளி நான் வைத்தது:
ஆப்பிரிக்கக் கரையோரம்
சகாராத் தூசில் இருமிக்கொண்டிருந்த
ஒரு மேகக்கூட்டம். எண் மட்டும் இருந்தது அதற்கு.

நான்காம் நாள் லுவெல்லா ஆனது.
என் முதல் மனைவியின் பெயர், என்றான் வெண்டல்.
அதன்பின் சிவப்பு மைதான்.

எட்டாம் நாள் கண் திறந்தது.
மூக்குத்தியைக் கழற்றி வைத்த துளைபோல
அத்தனை சுத்தமாக.

பதினோராம் நாள் குளிர்நீரை மிதித்தது.
உயரக் காற்று தலையைச் சீவிவிட,
பெயரைப் பிடுங்கிக்கொண்டு
எச்சம் என்று அறிவித்தார்கள்.
பெயர் போனால் பெயரெச்சம்தானே என்று
நான் சிரித்ததை
வெண்டலுக்கு எப்படி விளக்குவது?

வினை முடியாமல் அலைந்தது ஐந்து நாள்.
அசோர்ஸ் வரை போய், திரும்பி,
தன் தடத்தைத் தானே குறுக்கே வெட்டி
வெந்நீரோட்டத்தில் விழுந்தது.
அதே பெயரைத் திருப்பித் தந்தார்கள்.
விண்ணப்பமில்லை, கட்டணமில்லை.
என் வேலை அனுமதி அந்த வெள்ளிக்கிழமை முடிகிறது.

இருபத்து மூன்றாம் இரவு கரையைக் கடந்தது.
ஐஸ், பேட்டரி, உருளைச் சிப்ஸ் எல்லாம் தீர்ந்திருந்தன.
இறால் படகுகளுக்கு இரட்டைக் கயிறு.
கூரைத் தகரம் பல்லைக் கடித்தது; பிறகு தெருவே இருண்டது.
அப்போது அது சூறாவளியே இல்லையாம்.
வெப்பமண்டலத்தைக் கழித்தால் மிஞ்சும் ஏதோ ஒன்று.
அதை ஊசியிலை மரங்களிடம் யாரும் சொல்லவில்லை.

விடிந்தபோது மேப்பிள் இலைகள்
கடல் பார்த்த பக்கம் மட்டும் உப்பில் கருகியிருந்தன.
மூன்றாம் எண் பம்பின்மேல்
கத்தரி வாலோடு ஒரு கறுத்த பறவை.
கரீபியப் பக்கத்தது, கண்ணுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்,
என்றான் வெண்டல்.
சுற்றிலும் சுவர்கள் சுழல, நடுவே நீலவானம்.
அந்த அறையிலேயே ஐந்தாறு நாள் பறந்திருக்கும்.
அறை எப்போது கலைந்தது என்று
அதற்குத் தெரிந்திருக்குமா?

மதியம் பறந்துவிட்டது. எந்தத் திசையென்று பார்க்கவில்லை.
ஜெனரேட்டருக்கு எண்ணெய் கேட்டு
கேன்களோடு வரிசை நின்றது.

நியூஃபவுண்ட்லாந்து தாண்டியதும் காகிதம் முடிந்தது.
வெண்டல் கொஞ்சம் யோசித்துவிட்டு
அடுத்த புள்ளியைச் சுவரிலேயே வைத்தான்.

பம்பின்மேல் எச்சம்.
இதற்கு இலக்கணமில்லை.
ஈரத்துணியால் துடைத்தேன்,
முழுக்கப் போகவில்லை.