குனிந்தால் குறைகிறது

எத்தனை கோப்பை என்று கேட்டார் மருத்துவர்.
குதாயிசியில் கணையம் வீங்கி வருகிறவனிடம்
வேறென்ன கேட்பார்கள்?
மூன்று வருடமாயிற்று.
மகள் கல்யாணப் பந்தியில்கூட
சபை முகம் சுளிக்கச் சுளிக்க
வெறும் சோடாவைத் தூக்கி வாழ்த்தியவன் நுக்சார்.
முழங்காலைக் கட்டிக்கொண்டு
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விடியற்காலை நாலு மணிக்கு
தோனே அடுப்பின் வாய்க்குள் இடுப்புவரை குனிந்து
உட்சுவரில் மாவை அறைந்தபோது
ஒன்றும் தெரியவில்லையாம்.
நிமிர்ந்தபோதுதான்
மேல்வயிற்றில் புகுந்து முதுகில் வெளியேறியது
கணையம் எய்த கணை.
மறுபடி குனிந்தான், குறைந்தது.
அப்படியே குனிந்து குனிந்து
நூற்று நாற்பது ரொட்டியும் சுட்டு முடித்துவிட்டுத்தான்
எனக்கு ஃபோன் செய்தான்,
மடையன்.

லைபேஸ் இரண்டாயிரத்துச் சொச்சம்.
பித்தப்பையில் கல் இல்லை, ரத்தத்தில் கொழுப்பு இல்லை.
"தன்னையே செரித்துக்கொண்டிருக்கிறது" என்றாள்
இரவுப் பணிக்கு வந்த சின்ன டாக்டர் எத்தேரி.
பிறகு, மெல்ல:
"சர்க்கரைக்கு என்ன போடுகிறீர்கள்?"

கைப்பையைத் திறந்தேன்.
வாரம் ஒரு ஊசி. ஞாயிறுதோறும்
தேவாலய மணி ஓய்ந்ததும்
சட்டையைத் தூக்குவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
நெருப்புக்குள் தலையை விடுகிறவனுக்கு
ஊசி என்றால் பயம்.
குத்தியது நான்தான்.
பதினோரு ஞாயிறு.

பெட்டிக்குள் மடித்த தாளில்
எறும்பெழுத்தில், ஏழாவது மடிப்பில்
இருக்கத்தான் இருந்தது: அரிதாக.
அரிது என்றால்
வேறு யாருக்கோ என்றுதானே படித்தேன்.

"உறுதியாகச் சொல்ல முடியாது.
ஆனால் இனி இது வேண்டாம்" என்றாள்.
மருந்தைத் திட்டவும் வாய் வரவில்லை.
இரண்டு வருடம் ஆறாத அவன் கால்விரல் புண்
இந்தப் பதினோரு வாரத்தில்தான் மூடியது.

மூன்று நாள் வாய்க்கு ஒன்றும் கூடாது,
தண்ணீர்கூட.
ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன்.
காதுமடலில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது;
அதைத் துடைக்கவில்லை.
நாலாம் நாள் ரொட்டி கேட்டான்.
கஞ்சி கொடுத்தார்கள்.
ஒரு வாய் குடித்துவிட்டு
"உப்பு பத்தாது, யார் செய்தது?" என்றான்.
அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

குளிர்பெட்டிக் கதவில்
புளிப்பு பிளம் சட்னிக்குப் பக்கத்தில்
மிச்சமிருக்கிறது ஒரு பேனா ஊசி.
எறிய மனமில்லை, அத்தனை விலை.
நேற்று ஞாயிறு.
மணி அடித்து ஓய்ந்தது.
பழக்கத்தில் சட்டையைத் தூக்கி
முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான்.

என் கையில் ஒன்றும் இல்லை.