நாலும் நாலும் நாலு

அக்கரைப்பற்றுக் கமநல நிலையத்தில்
பிரதம லிகிதர் சிவஞானச்செல்வம் கேட்டார்:
"நாலு டெராபைட்டில ரெண்டு வாங்கினதெண்டு பில் சொல்லுது.
மெசின் நாலுதான் காட்டுது.
மற்ற நாலும் எங்க, புள்ள?"

எங்கேயும் போகல்ல ஐயா.
ஒன்று எழுதுவதை மற்றதும் எழுதும்.
ஒன்று செத்தால் மற்றது இருக்கும்.

"அப்ப ஒரே வேலைக்கு ரெண்டு பேர்.
கணக்காய்வுக்காரன் விடுவானா?"

கோப்பில் குறிப்பு வேண்டுமென்றார்.
'ரெய்ட் ஒன்று' என்று எழுதிக் கொடுத்தேன்.
ரெண்டாவது எப்ப வருமென்று கேட்டார்.

லினக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.
இரண்டு தட்டையும் ஒரே அளவாய்ப் பிரித்தேன்,
வட்டவிதானை கயிறு பிடிக்கிற மாதிரி
என்று சொல்ல வந்தேன்.
இல்லை. வரம்பு வருசத்துக்கு ஒரு சாண் நகரும்.

இரண்டும் வேறு வேறு கம்பனி. நான்தான் அடம்பிடித்தேன்.
ஒரே பெட்டியில் வந்தவை ஒரே கிழமையில் போகும்;
கல்முனையில் ஒரு அடகுக்கடையில் பார்த்திருக்கிறேன்.
ஞாயிறு ஒன்று. புதன் மற்றது.
வியாழன் காலை வாசல் நிறையச் சனம்,
கையில் சீட்டு.

முப்பத்தேழு வீதத்தில் கரண்ட் போய் வந்தது.
பின்னேரம் திரையில் இரண்டு யூ,
தோளோடு தோள்.
எல்லாரும் இந்த இடத்தில் வீட்டுக்குப் போவார்கள்.

நான் முதல் தட்டின் வயரைக் கழற்றினேன்.
ஒரு யூ இருந்த இடத்தில் கீழ்க்கோடு,
படிவத்தில் பெயர் எழுத விட்ட இடம் போல.
மெசின் பாட்டுக்கு ஓடியது.
லிகிதர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

மறுகா,
நிறுத்தித் திரும்பப் போட்டேன்.

கறுப்பு.
மேல் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு
விட்டு விட்டு.

நல்லவேளை, இன்னும் ஒரு ஏக்கரும் ஏற்றவில்லை:
எந்த வட்டை, எந்த வாய்க்கால்,
சிறுபோகத்துக்கு எத்தனை மூட்டை யூரியா,
எந்தக் கண்டம் கோட்டில் கிடக்கிறது.

"செத்துப் போச்சா?"

இல்லை ஐயா. எல்லாம் நினைவிருக்கு.
எழும்பத்தான் தெரியல்ல.
எழுப்புகிற நிரலை
முதலாவதில் மட்டும் போட்டுவிட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"போன மாசியில நான் வாட்டில கிடக்கக்குள்ள
இந்தக் கந்தோரும் இப்படித்தான்.
அலுமாரி முழுக்க கோப்பு.
திறப்பு என்ட கழிசான் பைக்குள்ள."

வயரைக் கொழுவினேன்.
விட்டுப்போன இரண்டு யூவும் சேரும்வரை
தேத்தண்ணி.
பிறகு ஒரே கட்டளை, ஒரே வரி;
ஏ இருந்த இடத்தில் பி.
திரும்பக் கழற்றி, திரும்பப் போட்டேன்.
எழும்பியது.

"நான் பிழையா ஒண்டு எழுதினா?"

பிழையையும் ரெண்டிலயும் எழுதும் ஐயா.

"அப்ப மூண்டாவது ஒண்டு வேணும்."

வேற கட்டடத்தில.

பெருமூச்சு விட்டார். கொள்முதல் படிவத்தைத் தேடவில்லை.
கோப்பைத் திறந்து
என் குறிப்புக்குக் கீழே
சிவப்புப் பேனையால் எழுதினார்:

மற்ற நாலு டெராபைட்
கடமையில் உள்ளது.