மூணாவது ஃபைலும் நாலாவதும்

உரக்கடைக்கு மேல்மாடி என் ஸ்டுடியோ.
பூச்சிமருந்து வாசம் மானிட்டர் வரைக்கும் ஏறும்.
முகூர்த்தமில்லாத ஒரு புதன்கிழமை
வெள்ளோட்டுச் சிவமலை படியேறி வந்தார்.
சட்டைப்பையில் பென்டிரைவ்.
"ஏனுங், இது பாதியில நின்னுபோகுதுங்."

மூன்று ஃபைல்கள். ஒன்பது வருசத்துக்கு முந்தின கல்யாணம்.
எடுத்தவர் நானில்லை. அவர் இப்போது
பெருந்துறையில் டைல்ஸ் விற்கிறார்.
நாலு ஜி.பி. நிறைந்துவிட்டால்
அந்தக் கேமரா யாரையும் கேட்காது,
மேளம் ஓய்ந்ததா, கை நீண்டதா பார்க்காது,
ஒன்றை மூடும், அடுத்ததைத் திறக்கும்.
மூடிய இடம் இணைச்சீர்.

கல்யாணப்பெண்ணுக்கு ஈடாக நகை பூட்டி
அக்கா கோகிலவாணி நிற்கிறாள்.
கூறைச்சேலையின் ஒரு முனை அவள் கையில்.
மறுமுனையைத் தம்பி பக்கம்
அருமைக்காரர் நீட்டுகிறார்.
நீட்டிய மட்டில்
திரை கறுத்துவிட்டது.

"நாலாவது எங்கீங்?"
கீழே மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வீடியோச் செலவில் பாதி மாமன் கொடுத்ததாம்,
அதனால் பின்பாதி காங்கேயத்தில், அக்கா வீட்டில்.
கிணற்றுத் தண்ணி முறையில் வந்த பேச்சு
கோர்ட்டுப் படிவரை போனதை
எனக்கு உரக்கடைக்காரர்தான் பிற்பாடு சொன்னார்.
சிவமலை சொன்னது இவ்வளவே:
"நம்பர் இருக்குதுங். நீங்களே கூப்புடுங்க."

கூப்பிட்டேன்.
"வாட்ஸப்புல தாட்டியுடட்டுங்களா?"
வேண்டாமுங், அது நசுக்கிப்போடும்,
சரிகை சேறாயிரும், மூக்குத்தி கட்டம் கட்டமா உதிரும்,
அப்பறம் அளவே சேராது.
எப்படி இருக்குதோ அப்படியே வரணும், கையோட.
அந்தப் பக்கம் குக்கர் விசில்.
இன்னொன்று.
"கையோடங்களா," என்றாள்.

வெள்ளிக்கிழமை, ஈரோட்டு பஸ் கண்டக்டர்
ஒரு சம்படத்தை நீட்டிவிட்டு விசிலடித்தார்.
உள்ளே நாலு கச்சாயம்,
நடுவில் பாலித்தீனில் சுற்றிய பென்டிரைவ்.
எண்ணெய் துடைக்கவே ஒரு கர்ச்சீப் போனது.

தொழில் பழகுகிற பையன்கள் என்றால்
இரண்டையும் டைம்லைனில் போட்டு ரெண்டர் கொடுப்பார்கள்.
மத்தியானம் முழுக்க ஓடும்.
ஒவ்வொரு ஃப்ரேமையும் பிரித்து, யூகித்து, மறுபடி எழுதும்.
வியர்வை போகும். பரு போகும்.
சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மெழுகியதுபோல் ஆகும்.
நான் முதலில் விவரம் பார்த்தேன்:
கோடெக் ஒன்று, இருபத்தைந்து ஃப்ரேம், இங்கேயும் இருபத்தைந்து,
ஆடியோவும் சரி.
ஒற்றை வரிக் கட்டளை. எதையும் பிரிக்காதே,
இருக்கிறபடி எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக வை.
டீ ஆறவில்லை, முடிந்தது.

சிவமலை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார்.
முனை நீண்டது,
மாப்பிள்ளை வாங்கிக் கக்கத்தில் இடுக்கினார்.
"எங்கீங் ஒட்டுனது?"
பின்னால் போனேன், ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினேன்,
நேரக்கணக்கை வைத்துத்தான்
இந்த இடம் என்று என்னாலேயே காட்ட முடிந்தது.

அடுத்த நொடியில் அக்காவின் உதடு அசைகிறது.
"சத்தம் வைங்க." வைத்தேன். மேளம்.
"இன்னுங் கொஞ்சம்." மேளம்தான்.
இருந்ததைக் கெடுக்காமல் கொடுப்பேனுங்,
மைக்கில் ஏறாததை எங்கே போய் எடுப்பது?
அவர் சிரித்துவிட்டார்.
"'நெட்டமா நில்லுடா, எருமெ'ன்னா," என்றார்,
"அத்தனை ஒறம்பரைக்கு முன்னால."

இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
கச்சாயம் ஒன்று தின்றார். எனக்கும் ஒன்று.
"சம்படமும் பென்டிரைவும் திருப்பி அனுப்பணுமுங்,
நாலரை பஸ்ஸில் கொடுத்துரட்டுங்களா?"
"வேண்டாமுங், நானே" என்றவர்
மீதியைச் சொல்லாமல் சம்படத்தை மூடினார்.

படியில் செருப்புச் சத்தம்.
ரோட்டின் இந்தப் பக்கம் நின்றால் ஈரோடு,
அந்தப் பக்கம் நின்றால் காங்கேயம்.
எட்டிப் பார்த்தேன்.
யூரியா லாரி குறுக்கே நின்றது.