நவம்பரில் தொடங்கும் கோடு

ஆறு மணிக்குக் கூட்டம். ஆறு பத்துக்கும்
ஐந்து பேர்தான் இருந்தோம்.
விதிப்படி ஆறு பேர் வேண்டும்.
ஏழு வயதுக்காரர்களின் நாற்காலிகளில்
முழங்கால் மோவாயை இடிக்கக் காத்திருந்தோம்.
யூட்டாவில் ஜனவரி.
மலைகள் புகைமூட்டத்துக்குள் போய் ஒன்பது நாள்.
நூலக மீன்தொட்டியின் மோட்டார்
எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

செமிசி தௌஃபா வந்தார்,
விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் சட்டையோடே,
தோளில் ஒளிரும் பட்டைகள்.
தலைவர் கார்லீன் விரலை நீட்டி எண்ணினார்.
நான் எழுதினேன்: 6.17, கூட்டம் தொடங்கியது.

எழுதுவது என் பொறுப்பு.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை டாலர்.
இருமலை எழுதக் கூடாது.
யார் யாரைப் பார்த்தார் என்பதையும்.

தலைமையாசிரியர் பென்ட்ரி சுவரில் படம் காட்டினார்:
மூன்றாம் வகுப்பு, வாசிப்பு.
செப்டம்பரில் நூற்றுக்கு நாற்பத்தெட்டு,
இப்போது ஐம்பத்து மூன்று, இலக்கு அறுபது.
'ஐந்து கூடியிருக்கிறது' என்றார்.
'ஏழு குறைகிறது' என்றார் கணக்காளர் லுண்ட்கிரன்.
இரண்டும் சரி. இரண்டையும் எழுதினேன்.

அடுத்த படத்தில் பிள்ளைகள்.
ஆளுக்கொரு கோடு, பெயர் நீக்கப்பட்டது, சட்டம் அப்படி.
பாவில் நூல் சிக்கியதுபோல் எழுபத்தொரு கோடுகள்.
சில ஏறின. சில படுத்தே கிடந்தன.
ஒன்று மட்டும் நவம்பரில் தொடங்கியது,
படம் பாதி ஓடிய பிறகு
இருட்டில் இருக்கை தேடுகிறவர்போல
எல்லாவற்றுக்கும் கீழே.

நவம்பரில் சேர்ந்தவள் ஒருத்திதான்.
என் மகனோடு அதே பேருந்தில் வருகிறாள்.
செமிசியின் கட்டைவிரல்
மேசை விளிம்பில் மெல்ல நகர்ந்தது,
டிசம்பரில் இறங்கி, பிறகு கொஞ்சம் ஏறி.

கையிருப்பு பதினெட்டாயிரம்.
நடைபாதையில், தொலைந்த கையுறைப் பெட்டி பக்கம்
பாய் விரித்து ஒவ்வொரு பிள்ளையாய்
வாசிக்க வைக்கும் ஜெனீலுக்கு மணிக்கூலி கொடுப்பதா,
வாசிப்புச் செயலியோடு பலகைக் கணினிகள் வாங்குவதா?

லுண்ட்கிரன் கெட்டவர் அல்ல.
திக்கித் திக்கிப் படித்த அவர் பையன்
ஒரு திரையிடம்தான் கூச்சம் விட்டான்.
அவர் சிவப்பு ஒளிப்புள்ளியைச் சுவரில் ஓட்டினார்.
'உதாரணத்துக்கு இது. சராசரியை இழுப்பவை இவைதான்.'
புள்ளி நின்றது
நவம்பர் கோட்டின் தலையில்.

அறையில் இருவருக்குத்தான் தெரியும்.
மீன்தொட்டி பேசிக்கொண்டிருந்தது.

'டிசம்பரில் ஏன் கீழே போகிறது?'
செமிசி கேட்டார், அடுத்தவர் வீட்டுக் கணக்கைக் கேட்பதுபோல.
பென்ட்ரி தாள்களைப் புரட்டினார்.
'ஜெனீலுக்குக் காய்ச்சல். இரண்டு வாரம் வரவில்லை.'

'அதைத்தானே சொல்கிறேன்' என்றார் லுண்ட்கிரன்.
'அதைத்தானே சொல்கிறேன்' என்றார் கார்லீன்.
ஒரே நேரத்தில்.
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தும்விட்டார்கள்.
அந்தக் காய்ச்சலை
எந்தப் பக்கம் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

தீர்மானம்: ஜெனீலுக்கு வாரம் பதினெட்டு மணி நேரம்.
மிஞ்சும் பணத்தில் கணினிகள், ஆறு மட்டும்.
ஆதரவு மூன்று. எதிர்ப்பு இரண்டு.
செமிசி கையை உயர்த்தவே இல்லை.
'நான் இதில் வாக்களிக்கக் கூடாது' என்றார் என்னிடம்.
'காரணம் எழுத வேண்டாம்.'

எழுதவில்லை.
'ஒருவர் நடுநிலை' என்று மட்டும் போட்டேன்.
நடுவில் நின்ற மனிதரா அவர்?
அந்தச் சொல்லை இரண்டு முறை அடித்து
இரண்டு முறையும் அதையே எழுதினேன்.

7.42, கூட்டம் முடிந்தது.
துப்புரவாளருக்கு வசதியாக
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்க வேண்டும்.
செமிசி கைக்கு இரண்டாய்த் தூக்கினார்,
பெட்டி தூக்கிப் பழகிய கை.
புரொஜெக்டரை யாரும் அணைக்கவில்லை.
போகவர அவர் முதுகின்மேல்
எழுபத்தொரு கோடுகளும் ஏறி இறங்கின.